குழந்தைக்கு அடிபடாமல் இருக்கப் பெற்றோரிடம் எப்படிப் பேசுவது? புது டாக்டர்களுக்கு இதை யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

6 ஜூலை 2025, கேள்வி

மலேசியாவில் குழந்தைகள் வார்டில் இருக்கும் ஒரு ஹவுஸ்மேன் (படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் புது டாக்டர்) கேட்டது, அவர் வார்த்தையிலேயே:

"டிஸ்சார்ஜ் எழுதும்போது ‘விபத்துத் தடுப்பு பற்றிப் பெற்றோருக்கு ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று ஒரு வரி எழுதச் சொல்கிறார்கள். எழுதுகிறேன். ஆனாலும் சுடுதண்ணி கொட்டியது, மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் கால் மாட்டியது, தொட்டிலில் இருந்து விழுந்தது என்று அதே கேஸ்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சொன்னால் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். தோட்டத்து ஜனங்களிடம் இதைப் பேசிப் பிரயோசனம் இல்லை, சட்டம் போட்டு அபராதம் விதித்தால்தான் திருந்துவார்கள் என்பது என் கருத்து. தப்பென்றால் யாராவது விளக்குங்கள்."

6 ஜூலை, இரவு

பாதி உங்கள் பக்கம்தான். நீங்கள் பேசுகிற மாதிரி பேசினால் பிரயோசனம் இல்லை.

நான் சுங்கை சிப்புட் பக்கம் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். இப்போது குடும்ப மருத்துவம் பார்க்கிறேன், புதிதாக வரும் எம்.ஓ.க்களை (மெடிக்கல் ஆபீசர், ஹவுஸ்மேன் காலம் முடித்த டாக்டர்) பழக்குவதும் என் வேலை. அதனால் "தோட்டத்து ஜனங்கள்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் கொஞ்சம் கோபம் வந்தது. காப்பி குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நீங்கள் வார்டில் செய்வதை எழுதட்டுமா? கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, கையில் ஃபைலோடு, "இனிமே கவனமா பாத்துக்கணும்மா, சுடுதண்ணிய எட்டாத இடத்துல வைக்கணும், சரியா?" என்கிறீர்கள். அந்த அம்மா "சரி டாக்டர்" என்கிறாள். நீங்கள் அந்த வரியை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறீர்கள். அவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: டாக்டர் என்னை மோசமான அம்மா என்கிறார். வீட்டுக்குப் போய் மாமியாரும் அதையே சொல்வார், புருஷனும் சொல்வான். மூன்று பேர் சொல்லியும் கெட்டில் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஏன் தெரியுமா?

7 ஜூலை

தூக்கம் வந்து பாதியில் விட்டேன். கெட்டில் கதைக்கு வருகிறேன்.

ஒன்றே கால் வயதுப் பையன், நெஞ்சிலும் தோளிலும் வெந்து வந்தான். புது எம்.ஓ. ஒருவரை உட்காரச் சொல்லி, அறிவுரையே சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேள் என்றேன். அவர் கேட்டார்: "கெட்டில் எங்கக்கா வெச்சிருக்கீங்க?"

"ஸ்டூல்ல டாக்டர்."

"ஏன் மேடையில வைக்கல?"

"வயர் எட்டாது."

அடுப்படியில் ஒரே பிளக், அதுவும் கதவோரம், முழங்கால் உயரத்தில். கெட்டில் வயர் ஒரு முழம்கூட இல்லை. மேடை எதிர்ப்பக்கம். அந்த வீட்டில் யார் குடியிருந்தாலும் கெட்டில் ஸ்டூலில்தான் இருக்கும், நீங்களும் நானும் உட்பட. "எட்டாத இடத்துல வைங்க" என்ற புத்திமதி அந்த வீட்டில் செல்லாது. அடுப்பில் தண்ணீர் காய்ச்சி, மூடி திருகுகிற பிளாஸ்க்கில் ஊற்றி மேலே வைத்துவிடு, கெட்டிலைக் கட்டி பரணில் போடு என்றால் செல்லும். அதைக்கூட நாங்கள் சொல்லவில்லை. வயர் எட்டாது என்று சொன்ன வாயோடு அவளே, "பிளாஸ்க் ஒண்ணு சும்மாதான் கெடக்கு டாக்டர், கல்யாணத்துக்கு வந்தது" என்றாள்.

7 ஜூலை, மறுபடி

ஒருவர் கேட்கிறார்: இதெல்லாம் பொதுப்புத்தி, இதற்கெல்லாம் பயிற்சியா?

பொதுப்புத்தியாக இருந்தால் ஐந்து வருஷம் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஏன் செய்வதில்லை? 2008-இல் ஹவுஸ்மேன் காலத்தை ஒரு வருஷத்திலிருந்து இரண்டாக்கினார்கள். குழந்தைகள் வார்டில் நாலு மாதம். அதில் லைன் போட, கல்ச்சர் எடுக்க, ரவுண்டில் திட்டு வாங்கக் கற்றுக்கொள்கிறார்கள். வீட்டில் எப்படி அடிபட்டது என்று உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரமில்லை. ஒரு ஸ்லைடு காட்டுவார்கள், கடைசி ஸ்லைடு, நன்றி என்று போடுவதற்கு முந்தியது.

ஜார்ஜ் மில்லர் என்பவர் 1990-இல் மருத்துவக் கல்விக்கு ஒரு பிரமிடு வரைந்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்துகாட்டுவான், வேலையில் செய்கிறான். நம் பரீட்சைகள் மூன்றாவது படியோடு நின்றுவிடுகின்றன. பரீட்சையில் அம்மாவாக நடிப்பவரிடம் நம் பிள்ளைகள் என்னமாய்ப் பேசுகிறார்கள்! டிஷ்யூ எடுத்துக் கொடுக்கிறார்கள், தலையைச் சாய்த்துக் கேட்கிறார்கள். அதே ஆளை மறுநாள் வார்டில் பாருங்கள். மூன்று வாக்கியம், அதில் ஒன்று "ஓகே ஆ?"

9 ஜூலை

கேள்விகளை எழுதச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். பட்டியல் போட்டால் அதையும் மனப்பாடம் செய்து ஒப்பிப்பீர்கள் என்று பயம். போகிற போக்கில் சொல்கிறேன்.

காலையில் யார் முதலில் வெளியே போகிறார்கள் என்று ஆரம்பியுங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள், செம்பனையில் (எண்ணெய்ப் பனை) அறுவடைக்காரர்கள் விடிந்ததும். டவுனில் மலிவு வீட்டுக்கு மாறி வந்த குடும்பம் என்றால் பேக்டரி வேன் எத்தனை மணிக்கு வருகிறது, நைட் ஷிஃப்டா என்று கேளுங்கள். அதிலேயே குழந்தை யார் கையில் இருக்கிறது என்பது வந்துவிடும். பெரும்பாலும் பாட்டி. பாட்டிக்கு முட்டி வலி, ஓடிப் பிடிக்க முடியாது. பிறகு குழந்தை எங்கே தூங்குகிறது, எங்கே சாப்பிடுகிறது, புதிதாக என்ன செய்யக் கற்றிருக்கிறது. கடைசிக் கேள்வி முக்கியம். கவிழ்கிறது, தவழ்கிறது, பிடித்து நிற்கிறது, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் ஏறுகிறது: இந்த மாதம் எது கற்றதோ அடுத்த மாத ஆபத்து அங்கே இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு விஷயம். பதினாலு விஷயம் அல்ல, ஒன்று. அதை அவர்களே திருப்பிச் சொல்ல வேண்டும், அவர்கள் வீட்டுச் சாமான் பேரோடு.

9 ஜூலை, இரவு

"பாட்டி என்னைக் கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்க, என்ன சொல்வது?" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

உண்மையைச் சொல்லுங்கள். பதிலுக்கு அவரிடம் பிளாஸ்க் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நம் ஊரில் இது நியாயமான பண்டமாற்று.

13 ஜூலை

சட்டம் போட்டால் திருந்துவார்கள் என்ற பகுதிக்கு வருகிறேன். சட்டத்துக்கு நான் எதிரி இல்லை.

பராகுவாட் என்ற களைக்கொல்லியின் கதை எல்லாத் தோட்டக்காரருக்கும் தெரியும். 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. ஒரு வாய் விழுங்கினாலே போதும், நுரையீரல் கெட்டுப்போகும், முறிமருந்து கிடையாது. அப்படிப்பட்ட சாமானை நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மருந்தடிக்கும் அம்மாக்கள் தகர வாளியில் கலக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். அதை ஒழித்தது எந்த டாக்டரின் புத்திமதியும் இல்லை, சட்டம்தான். இதில் ஹவுஸ்மேன் தம்பிக்கு முழு மார்க்.

ஆனால் மீதியைக் கேளுங்கள். இப்போது கிளைபோசேட்டோ குளுஃபோசினேட்டோ அடிக்கிறார்கள். வீட்டு வாசலில் புல் அதிகமாகிவிட்டது என்று கொஞ்சம் கேட்டு வாங்கி வருவார்கள், எதில்? சோடா போத்தலில். அந்தப் பழக்கத்தைச் சட்டம் தொடவில்லை. மண்ணெண்ணெய், தின்னர், குளோரின் எல்லாம் அதே மாதிரி போத்தலில்தான் வீட்டுக்குள் வருகின்றன. மூன்று வயதுக்குப் போத்தல் என்றால் ஆரஞ்சு.

இங்கே யாரிடம் பேச வேண்டும் என்பதையே நம் ஆட்கள் தப்பாகப் பிடிக்கிறார்கள். அம்மாவிடம் பேசுகிறார்கள். ஊற்றிக் கொடுப்பவர் ஸ்டோர் பார்ப்பவர், கண்டும் காணாமல் இருப்பவர் மண்டோர் (கங்காணி), வாங்கி வருபவர் அப்பா. எஸ்டேட்டில் இன்னும் டிரெஸர் (தோட்டத்து மருந்தகம் பார்ப்பவர்) இருக்கிறார் என்றால் அவரைப் பிடியுங்கள், அவர் சொன்னால் மண்டோர் கேட்பார். கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மா இந்தச் சங்கிலியின் கடைசி ஆள்.

குழந்தை ஏற்கெனவே குடித்துவிட்டதென்றால்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மண்ணெண்ணெய் என்றால் கண்டிப்பாகக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். உப்புத் தண்ணீர், பால், புளி எதுவும் வேண்டாம். போத்தலைக் கையோடு கொண்டு வாருங்கள். டாக்டர் பிள்ளைகளுக்கு: பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. தயங்காமல் போன் போடுங்கள், அதற்காகத்தான் 1994 முதல் அங்கே இருக்கிறார்கள்.

14 ஜூலை

நேற்றையதைப் படித்துவிட்டு ஒருவர்: "அப்படியானால் அம்மாவைக் குற்றம் சொல்லவே கூடாதா? ஊர் உலகத்தில் எல்லாரும் குழந்தையைக் கவனமாகத்தானே பார்க்கிறார்கள்?"

வில்லியம் ஹாடன் என்று ஒரு டாக்டர். 1966-இல் அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கென்று அமைத்த அமைப்புக்கு முதல் தலைவர். அவர் ஒரு கட்டம் போட்டார். மேலிருந்து கீழாக மூன்று வரிசை: விபத்துக்கு முன், நடக்கும்போது, அப்புறம். குறுக்காக மூன்று பத்தி: ஆள், சாமான், சுற்றுப்புறம். மொத்தம் ஒன்பது கட்டம்.

எங்கள் புது எம்.ஓ.க்களுக்கு மைலோ கொட்டிய கேஸ் ஒன்றைக் கொடுத்து இதை நிரப்பச் சொல்வேன். மேசையில் பிளாஸ்டிக் விரிப்பு, ஓரம் தொங்குகிறது, குழந்தை பிடித்து இழுத்தது. விரிப்பை எடுத்துவிடு, அது ஒரு கட்டம். மைலோவைப் பச்சைத்தண்ணீர் விட்டு ஆற்றிவிட்டு மேசைக்குக் கொண்டு வா, அது இன்னொன்று. அடுப்படி வாசலில் ஒரு தடுப்பு. வெந்த உடனே சட்டையைக் கழற்றி 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுவது, ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், கிச்சாப் (சோயா சாஸ்) வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டில் காடி (கார்) இருக்கிறதா என்று தெரிந்து வைப்பது. எல்லாம் எழுதி முடித்துப் பார்த்தால் "அம்மா கவனமாக இருக்கணும்" என்பது ஒன்பதில் ஒரு கட்டத்தில் ஒரு மூலை. நாம் நேரம் முழுவதையும் அந்த மூலையில் செலவழிக்கிறோம்.

17 ஜூலை

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டது, பொதுவாகவே பதில் சொல்கிறேன். "கதை பொருந்தவில்லை என்றால்? அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால்? அப்போதும் பிளாஸ்க் பேச்சா?"

இல்லை. 2001 சிறார் சட்டம் 27-வது பிரிவு டாக்டர்மேல் கடமையை வைத்திருக்கிறது: சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் தெரிவித்தாக வேண்டும். மூன்று மாதக் குழந்தை தானே உருண்டு விழுந்தது என்றால் நம்பாதீர்கள். நடமாடாத குழந்தை உடம்பில் கன்றிய தடம் இருந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், சீனியரைக் கூப்பிடுங்கள்.

ஆனால் இரண்டையும் ஒரே உட்காரலில் கலக்காதீர்கள். எப்படி நடந்தது என்று விசாரிக்கும் குரலிலேயே தடுப்பு பேசினால் எந்த அம்மாவும் வாய் திறக்க மாட்டாள். போலீஸுக்கு எழுதிவிடுவார்களோ, பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் தோட்டத்தில் நிறைய. அதனால் உள்ளதை மாற்றிச் சொல்வார்கள். பாட்டி பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா, தான் பார்த்ததாகச் சொல்வாள், மாமியாரை மாட்டிவிடக் கூடாதே என்று. அதைப் பிடித்து "முன்னுக்குப் பின் முரண்" என்று கேஸ் நோட்டில் எழுதும் ஹவுஸ்மேனையும் பார்த்திருக்கிறேன். முதலில் மருத்துவ மதிப்பீடு, அது முடியட்டும். சந்தேகம் நீங்கிய பிறகு, வேறு நாளில்கூட, வேறு ஆள்கூட, தடுப்பு பேசலாம்.

2 ஆகஸ்ட்

வார்டு பிள்ளைகள் இரண்டு பேர் ஸ்போக் காயம், அதாவது சக்கரக் கம்பியில் கால் மாட்டுவது பற்றி எழுதச் சொன்னார்கள்.

கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) பின்சீட்டில் நாலு வயசு. கால் கட்டைக்கு எட்டாது, தொங்கும். வளைவில் தூங்கி வழியும், குதிகால் சக்கரத்துக்குள் போகும். குதிகால் தோல் மடல் மாதிரி உரிந்து வரும், சில சமயம் எலும்பும் போகும். வீட்டில் இருப்பவர்கள் "சின்னக் காயம்தான்" என்று நினைத்து மஞ்சள் வைத்துக் கட்டிவிடுவார்கள், இரண்டு நாள் கழித்துக் கறுத்துப் போய் வரும்.

டாக்டர் சொல்கிறார்: "சின்னப் புள்ளைய மோட்டார்ல ஏத்தாதீங்க." பிரமாதம். தமிழ்ப் பள்ளி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். வேன் காசு மாதம் கட்ட வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் காடியில் குழந்தை இருக்கை கட்டாயம், நல்ல சட்டம், காடி இருப்பவர்களுக்கு. மோட்டார் ஒன்றுதான் வண்டி என்ற வீட்டுக்கு இந்த உத்தரவு நிலவிலிருந்து வந்த மாதிரி.

என்னிடம் பழகுகிறவர்களை நான் கீழே கூட்டிப் போய் கிளினிக் மோட்டார் ஷெட்டில் நிறுத்துவேன். பின்சக்கரத்துக்கு வலைத்தடுப்பு போட்டது எத்தனை, போடாதது எத்தனை என்று பாருங்கள். குழந்தைக்கு ஷூ இருக்கிறதா, சிலிப்பரா? ஹெல்மெட் தலைக்குச் சரியாக நிற்கிறதா, அண்ணனுடையதை மாட்டி விட்டிருக்கிறார்களா? வாரை இறுக்கினால் தாடைக்கு அடியில் இரண்டு விரல் போகலாம், ஐந்து விரலும் போனால் அது ஹெல்மெட் இல்லை, தொப்பி. சைலன்சர் எந்தப் பக்கம், எந்தப் பக்கமாக இறங்கச் சொல்கிறார்கள்? பிள்ளைகள் கெண்டைக்காலில் வட்டத் தழும்பு பார்த்திருப்பீர்கள், அது அங்கே வாங்கியது. நம் நாட்டில் ஹெல்மெட் சட்டம் 1973-லிருந்தே இருக்கிறது. ஆனால் சாயங்காலம் தோட்டத்து உள்ரோட்டில் கடைக்குப் போகும்போது யாரும் போடுவதில்லை, போலீஸ் இல்லையே.

2 ஆகஸ்ட், பின்குறிப்பு

அப்பாக்களிடம் இதைப் பேசப் பெண் டாக்டர்கள் தயங்குகிறார்கள். தயங்காதீர்கள். மோட்டாரைப் பற்றிக் கேட்டால் பேசாத அப்பா கிடையாது. எந்த வருஷ மாடல் என்று ஆரம்பியுங்கள், அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம்.

10 ஆகஸ்ட்

ரம்புத்தான் கொட்டை, தொண்டையில் அடைக்கும். உரித்துக் கொட்டை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். வேர்க்கடலை நாலு வயதுக்குக் கீழ் வேண்டாம். எழுதிவிட்டேன், வேலைக்குப் போகிறேன்.

11 ஆகஸ்ட்

கடலையை விட எனக்குப் பயம் பட்டன் பேட்டரி. பசார் மாலாமில் (இரவுச் சந்தை) விற்கும் வெளிச்ச பொம்மை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, ரிமோட். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் வெந்து புண்ணாக்கிவிடும். எக்ஸ்ரேயில் காசு மாதிரியே தெரியும், ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று பெரிதுபடுத்திப் பாருங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை என்றால் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதற்காக வண்டியை நிறுத்த வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது.

பெற்றோரிடம் சொல்ல ஒன்றே ஒன்று: ரிமோட் மூடிக்கு டேப் சுற்றுங்கள். நான் கிளினிக் டிராயரில் டேப் வைத்திருக்கிறேன், ரிமோட்டைக் கொண்டு வாருங்கள் என்றால் கொண்டு வருகிறார்கள்.

24 ஆகஸ்ட்

பாட்டிகளோடு சண்டை போட்டுத் தோற்ற ஒரு எம்.ஓ. கேட்டிருக்கிறார்: நடைவண்டி, அதாவது சக்கரம் வைத்த வாக்கர். கனடா 2004-இல் விற்பதையே தடை செய்துவிட்டது. இங்கே கடையில் தாராளமாகக் கிடைக்கிறது. பாட்டி வாங்கிக் கொடுத்தது, வேண்டாம் என்றால் குடும்பச் சண்டை.

முன்பெல்லாம் இதில் நான் மென்மையாக இருந்தேன். படிக்கட்டுப் பக்கம் விடாதீர்கள், அடுப்படிக்குள் விடாதீர்கள் என்பேன். இப்போது வேண்டவே வேண்டாம் என்கிறேன், ஏனென்றால் மென்மையான பேச்சு வேலை செய்வதில்லை. அதில் உட்கார்ந்த குழந்தை நம் கை எட்டுவதற்குள் ஒரு அறையைக் கடந்துவிடுகிறது. லயத்து வீட்டில் முன்வாசல் படி இரண்டடி உயரம், கீழே சிமெண்டு. பாட்டியிடம் வைக்கும் வாதம் விபத்து அல்ல. "இதுல உக்காந்தா சீக்கிரம் நடக்காது பாட்டி, லேட்டாதான் நடக்கும்" என்பது. உண்மையும் அதுதான், அது நடை பழக்குவதில்லை. சீக்கிரம் நடக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்த பாட்டிக்கு இது உடனே புரிகிறது.

தொட்டில் வேறு விஷயம். ஸ்பிரிங் தொட்டிலை விடச் சொன்னால் யாரும் விட மாட்டார்கள், என் அம்மாவும் விடமாட்டாள். கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்று கேளுங்கள். பழைய உத்திரத்தில் கரையான் இருக்கும். தரையிலிருந்து எவ்வளவு உயரம்? தாழ இறக்கி, கீழே மெத்தை போடச் சொல்லுங்கள். பெரிய பிள்ளைகளை ஆட்டவிடாதீர்கள், ஒரு அண்ணன் உத்திரம் தொடும்வரை ஆட்டுவான். குழந்தை தானாக எழுந்து உட்காரத் தொடங்கினால் தொட்டில் காலம் முடிந்தது.

31 ஆகஸ்ட்

விடுமுறை. கொடியெல்லாம் ஏற்றியாயிற்று. இன்று கொஞ்சம் ஆராய்ச்சி, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1983-இல் விபத்துத் தடுப்பு ஆலோசனைக்கென்றே வயதுவாரியாக ஒரு திட்டம் தொடங்கியது. 2008-இல் உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஆண்டுக்கு ஏறத்தாழ 8,30,000 குழந்தைகள் விபத்துக் காயத்தால் சாகிறார்கள் என்றது. தெரிந்த வழிகளை எல்லா இடத்திலும் செய்தாலே நாளுக்கு ஆயிரம் பேரையாவது காப்பாற்றலாம் என்றது.

பேசினால் பயன் உண்டா? பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் இருப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுப் பாதுகாப்பு பற்றிச் சொல்லிக்கொடுத்தால் வீட்டில் பழக்கம் மாறுகிறது, கூடவே சாமானையும் கொடுத்தால் இன்னும் நன்றாக மாறுகிறது. காயமே குறைகிறதா என்பதற்குச் சான்று அவ்வளவு பலமாக இல்லை. ஹவுஸ்மேன் தம்பி இதைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீர்களா" என்பார். நான் படிப்பது வேறு மாதிரி: வெறும் வாயால் போகாதே, கையில் ஏதாவது கொண்டு போ. குழந்தை திறக்காதபடி மாட்டும் அலமாரிக் கொக்கி இரண்டு மூன்று வெள்ளிதான் (ரிங்கிட்). யார் காசு என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் கோயில் கமிட்டியிடம் கேட்டோம். அன்னதானத்துக்குச் செலவழிப்பவர்கள் கொக்கிக்கு இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் பையில் கோயில் பேர் போட வேண்டும் என்றார்கள். போட்டோம்.

6 செப்டம்பர்

நேரமே இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறோம் தெரியுமா என்று ஒரு எம்.ஓ. பொரிந்து தள்ளியிருக்கிறார். தெரியும், நானும் அங்கேதான் இருக்கிறேன்.

ஊசிக்கு வருகிற நாட்களைப் பயன்படுத்துங்கள். இரண்டு, மூன்று, ஐந்து மாதம், அப்புறம் ஒன்பது, பன்னிரண்டு, பதினெட்டு. ஐந்தில் கட்டிலில் இருந்து உருளுவதைப் பேசுங்கள், ஒன்பதில் தரையில் கிடக்கிற சாமானும் தொங்குகிற சாமானும், பன்னிரண்டில் வாளித் தண்ணீர். குளியலறையில் நிரப்பி வைத்த வாளியை நம் ஆட்கள் மறந்தே போகிறார்கள். ஈயலம்பக் குட்டையில் (பழைய ஈயச் சுரங்கக் குழி) பெரிய பையன்கள் மூழ்குவது பேப்பரில் வரும், ஒரு வயதுக் குழந்தைக்கு முக்கால் வாளியே போதும்.

இன்னொன்று. ஊசி போடும் மிஸ்ஸி (நர்ஸ்) இதை உங்களைவிட நன்றாகச் செய்வார். புது எம்.ஓ.க்களை ஒரு காலை முழுவதும் ஊசி அறையில் மூலையில் உட்காரச் சொல்கிறேன், பேசக்கூடாது. "ஏய், கை ஓங்குறான் பாரு, இனிமே உன் கண்ணாடி போத்தலெல்லாம் மேல ஏத்திடு தங்கச்சி" என்று பஞ்சை அழுத்திக்கொண்டே மிஸ்ஸி சொல்லிவிடுவார். முழுசாகப் பத்து விநாடி. அந்த அம்மா சிரித்துக்கொண்டே "ஆமா மிஸ்ஸி, நேத்துதான் ஒண்ண ஒடச்சான்" என்பாள். ஒடச்சதை டாக்டரிடம் சொல்லியிருக்கவே மாட்டாள்.

7 செப்டம்பர்

மொழி தெரியாத டாக்டர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு: லயங்களில் இப்போது இந்தோனேசியர், வங்காளதேசிகள் நிறைய. தமிழ் தெரிந்த நானே பாதி நாள் மலாயில்தான் பேசுகிறேன். கைபேசியில் வீட்டைப் படம் எடுத்து வரச் சொல்லுங்கள். அடுப்படி, குளியலறை, தூங்கும் இடம். படத்தில் விரல் வைத்துக் காட்டினால் மொழி பாதி தேவைப்படாது. படத்தைப் பார்த்ததும் முகம் சுளிக்காதீர்கள், வீடு கூட்டாமல் இருக்கிறது என்பது நம் விஷயமில்லை. படத்தை நம் கைபேசியில் வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடாது.

11 அக்டோபர்

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள், எல்லா வீட்டிலும் முறுக்கு. உள்ளே இடம் பத்தாது என்று பின்வாசலில் தரையிலேயே கேஸ் அடுப்பு, மேலே பெரிய எண்ணெய்ச் சட்டி, சுற்றிலும் நாலு பெண்கள், நாலு பெண்களுக்கும் சேர்த்து ஏழெட்டுப் பிள்ளைகள். புது எம்.ஓ. ஒருவர் ஆயாக் கொட்டகையில் (எங்கள் பக்கம் இன்னும் திறந்திருப்பது ஒன்றிரண்டுதான், பிள்ளைக் காப்பகம் வைக்க 1990 தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்தில் இடம் இருந்தாலும்) அம்மாக்களிடம் பேசப் போனார். அடுப்பை உயரத்தில் வையுங்கள் என்று ஆரம்பித்தார். ஒரு பாட்டி எழுந்து, மேசையில் வைத்தால் சட்டி ஆடும், அதுதான் ஆபத்து என்றார். சரிதான். நின்றுகொண்டு அச்சு பிழிந்தால் கை நடுங்கும் வேறு.

பிறகு எம்.ஓ. வாயை மூடிக்கொண்டு கேட்டார், நீங்கள் என்ன செய்வீர்கள் பாட்டி? கோலமாவால் சட்டியைச் சுற்றி மூன்று எட்டு தள்ளி வட்டம் போடுவேன், உள்ளே வந்தால் முறுக்கு கிடையாது, வெளியே நின்றால் உடைந்த முறுக்கு எல்லாம் உனக்கு. எண்ணெய் ஆறும்வரை ஒரு ஆள் எழுந்திருக்கக் கூடாது. இதைவிட நல்ல திட்டத்தை நான் எந்த வழிகாட்டி நூலிலும் படித்ததில்லை. ஒன்றே ஒன்று சேர்த்தோம்: சட்டி இருக்கும் பக்கமே குழாய் ஹோஸை இழுத்துப் போட்டு வைக்க வேண்டும், மேலே பட்டால் 20 நிமிடத்துக்கு. எண்ணெயில் தீப்பிடித்தால் அந்த ஹோஸைத் தொடக்கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். இதை இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தோம்.

26 அக்டோபர்

கேள்வி கேட்ட ஹவுஸ்மேன் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். போஸ்டிங் மாறி ஆர்த்தோவில் (எலும்பு சிகிச்சைப் பிரிவு) இருக்கிறாராம். ஸ்போக் காயம் ஒன்றில் அப்பாவிடம் மோட்டார் மாடல் கேட்டாராம், அரை மணி நேரம் போய்விட்டதாம், ரவுண்டுக்கு லேட்டாகித் திட்டு வாங்கினாராம். அந்த அப்பா வலைத்தடுப்பு போட்டாரா இல்லையா என்று தெரியவில்லை, "அப்போ இதையும் ஆலோசனை வழங்கப்பட்டது என்றே எழுதணுமா?" என்கிறார்.

வேறு மாதிரி எழுதுங்கள். "பின்சக்கரத்துக்குத் தடுப்பு இல்லை. இந்த வாரம் மாட்டுவதாக அப்பா சொன்னார். அடுத்த ட்ரெஸ்ஸிங்கில் கேட்கவும்." ட்ரெஸ்ஸிங் செய்யும் மிஸ்ஸி கேட்பார். திட்டியவரிடம் என்ன சொல்வது என்று எனக்கு யோசனை இல்லை, ஆர்த்தோக்காரர்கள் விஷயம்.

சட்டம் பற்றி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை அவர். பரவாயில்லை, நானும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. விற்கிற மோட்டார் எல்லாம் தடுப்போடுதான் வர வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்தான். அது வரும்வரை மாடல் கேளுங்கள்.

9 நவம்பர்

அடுத்த குழு எம்.ஓ.க்களுக்கு: லயத்துக்குப் போவது ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்கு அப்புறம். காலையில் போகாதீர்கள், துணி துவைக்கும் நேரம், யாரும் உட்கார மாட்டார்கள். வெள்ளைக் கோட்டு வேண்டாம். மழைக்காலம், சிலிப்பர் போட்டு வாருங்கள், ஷூ சேறாகும். கொக்கி, திருகாணி, டேப் பையில் இருக்கிறது. ஸ்குரூ டிரைவர் போன தடவை யாரோ எடுத்துப் போய்விட்டீர்கள், கொண்டு வந்து வையுங்கள்.